தாகம் அடங்கிய கித்தான்

என் அம்மா 40 ஆண்டுகளுக்கும் மேலாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்துவருபவர். பலகையின் மேல் துணியை ஒட்டி, சாக் பவுடரைப் பசையோடு குழைத்து அதன்மேல் பல முறை பூசி, காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓட்டைப் போல வழவழப்பாக்குவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். அந்தத் தளத்தின் குணமே உறிஞ்சுவதுதான். ஒரு சொட்டு நீரை விட்டால் அது உருண்டு நிற்காமல் உடனே உள்ளே இறங்க வேண்டும், அப்போதுதான் வண்ணம் பலகையைப் பிடிக்கும் என்பது அம்மா வைத்திருந்த சோதனை. ஆகவே 2018-ஆம் ஆண்டில், எண்ணெய் வண்ணத்தை ஈரத்தின் மேல் ஈரமாகத் தீட்டும் முறையைக் கற்கத் தொடங்கியபோது, நன்றாகக் குடிப்பதே நல்ல தளம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன். அந்த எண்ணத்தைக் கைவிடுவதற்குள் ஒன்றரை ஆண்டு கழிந்துவிட்டது. ஏறக்குறைய 20 கித்தான்கள் (கேன்வாஸ்கள்) பாழாயின. இதே இடத்தில் தடுமாறி, தூரிகையையும் வண்ணத்தையும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்கும் பலரை இப்போது பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முறையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். வழக்கமான எண்ணெய் ஓவியத்தில் ஓர் அடுக்கு காய்வதற்குப் பல நாட்கள் காத்திருந்து, பிறகே அடுத்த அடுக்கைத் தீட்டுவார்கள். ஈரத்தின் மேல் ஈரம் என்னும் முறையில் எல்லா அடுக்குகளும் காய்வதற்கு முன்பே ஒரே அமர்வில் முடிந்துவிடும். இத்தாலிய மொழியில் இதை 'அல்லா பிரிமா' என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் இவ்வகையில் தீட்டியிருக்கிறார். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பிறகு, பிரெஞ்சு ஓவியர் மோனே போன்றவர்கள் வெட்டவெளியிலேயே உட்கார்ந்து இப்படித் தீட்டுவது எளிதாயிற்று. நம்மில் பெரும்பாலோருக்கு இம்முறை அறிமுகமானது அமெரிக்கத் தொலைக்காட்சி வழியாகத்தான். முதலில் ஜெர்மானிய வழிவந்த வில்லியம் அலெக்சாண்டர், அவரிடம் கற்ற பாப் ராஸ் அடுத்து. ராஸ் 1983 முதல் 1994 வரை 403 நிகழ்ச்சிகளில், பெரும்பாலானவற்றில் அரை மணி நேரத்துக்குள் ஒரு நிலக்காட்சியை முடித்துக் காட்டினார்.

அந்த அரை மணி நேரம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதில்தான் நான் ஏமாந்தேன். நிகழ்ச்சி தொடங்கும்போது கித்தான் ஏற்கெனவே பூசித் தயாராக நிற்கும். வெள்ளை நீர்மத்தை மெல்லியதாகவும் சீராகவும் பூசி வைத்திருப்பதாக அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நேரே வானத்துக்குப் போய்விடுவார். அலெக்சாண்டர் அதை 'மேஜிக் ஒயிட்' என்றார், ராஸ் 'லிக்விட் ஒயிட்' என்றார். இரண்டும் காயாத ஒரு வெள்ளை எண்ணெய்ப் படலமே. அதன்மேல் தொட்ட நீலம் அந்த வெள்ளையோடு கித்தானிலேயே கலந்து, மேலே அடர்த்தியாகவும் கீழே போகப்போக வெளிறியும் தானாகவே வானமாகிவிடுகிறது. அதாவது, வண்ணத் தட்டில் நடக்க வேண்டிய கலவையில் பாதி கித்தானின் மேல் நடக்கிறது. அந்த ஒற்றை வாக்கியத்தை நான் முன்னுரையாக எண்ணிக் கடந்துவிட்டேன்.

இங்கே தளம் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு. துணியின் மேல் பூசிக் காயவிடும் உலர் தளம் ஒன்று; அதன்மேல், தீட்டுவதற்குச் சற்று முன்பு பூசும் ஈரத் தளம் மற்றொன்று. முதலாவது சரியில்லாவிட்டால் இரண்டாவது பத்து நிமிடம்கூடத் தாங்காது.

உலர் தளத்திலிருந்து தொடங்குகிறேன். ஆளிவிதை எண்ணெய் காய்வது நீர் ஆவியாவதைப் போன்றதன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான படலமாக மாறுகிறது. அந்த எண்ணெயிலுள்ள அமிலங்களும் ஆக்சிஜனேற்றமும் பருத்தி, லினன் இழைகளைக் காலப்போக்கில் நொறுங்கச் செய்கின்றன. ஆகவேதான் வெறுந்துணியில் எண்ணெய் வண்ணம் நேரடியாகப் படக்கூடாது என்பது பழைய விதி. என் முதல் கித்தான் அத்தகைய வெறுந்துணி. தச்சரிடம் சொல்லிச் சட்டம் அடித்து, தடித்த பருத்தித் துணியை இழுத்து ஆணியடித்து, சுவருக்குப் பூசும் பிரைமர் ஒரே ஒரு கை பூசி, அதன்மேல் தீட்டினேன். மூன்று நாட்களில் துணியின் பின்புறம் பழுப்பு வட்டங்கள் தோன்றின. எண்ணெய் முழுவதும் பின்பக்கம் போய்விட்டது, முன்பக்கம் வண்ணம் சாம்பல் பூத்தாற்போல மங்கி நின்றது. விரலால் தேய்த்தால் பொடி வந்தது. வண்ணத்தைப் பிணைத்து வைக்க வேண்டிய எண்ணெயைத் துணி குடித்துவிட்டால் மிஞ்சுவது பிடிப்பில்லாத நிறமிப் பொடிதான்.

இரண்டாவது முறை எனக்குத் தெரிந்த வழியை நம்பினேன். அம்மாவின் கலவையையே எடுத்து, சாக் பவுடரும் வெள்ளைப் பசையும் குழைத்து நான்கு கை பூசி, நன்றாகத் தேய்த்தேன். பார்ப்பதற்கு அவ்வளவு அழகான தளத்தை அதுவரை நான் செய்ததில்லை. ஐரோப்பியர்கள் மரப்பலகையில் தீட்டிய காலத்தில் பயன்படுத்திய ஜெஸ்ஸோவும் ஏறக்குறைய இதேதான். விலங்குப் பசையில் குழைத்த சாக் அல்லது ஜிப்சம். ஆனால் அன்று அதன்மேல் வெள்ளை நீர்மத்தைப் பூசிவிட்டு, தட்டில் வண்ணம் எடுத்துத் திரும்புவதற்குள், பளபளப்பாக இருந்த கித்தான் திட்டுத்திட்டாக மங்கிவிட்டிருந்தது. மங்கிய இடங்களில் தூரிகை வழுக்கிப் போகாமல் இழுத்துப் பிடித்தது. வானத்தின் நீலம் தொட்ட இடத்திலேயே கோடாக நின்றதே தவிர, பரவவில்லை. மேலும் பூசினேன், அதையும் குடித்தது. அன்று மாலை அம்மா வந்து அந்தத் தளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம பலகைக்கு இது ரொம்பச் சரிடா. உன் எண்ணெய்க்கு இது எதுக்கு? இது குடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றார். அவருடைய வண்ணம் நீரில் கரைந்தது. நீர் உள்ளே இறங்கினால் நிறம் மேலே தங்கும். என்னுடைய வேலைக்கோ எண்ணெய் மேலேயே நிற்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று மணி நேரம் ஈரம் குறையாமல். ஒரே பொருள் ஒருவருக்குத் தளமாகவும் மற்றவருக்குத் தடையாகவும் இருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாக்கும் பசையும் சேர்ந்த அந்தப் பூச்சு அசையாத பலகைக்கே உரியது என்பதையும், இழுபடும் துணியின் மேல் அது நாளடைவில் வெடிக்கும் என்பதையும் பின்னர் அதே கித்தானில் கண்டேன். ஓர் ஆண்டுக்குள் சட்டத்தின் மூலைகளிலிருந்து குறுக்கே மயிரிழைக் கீறல்கள் ஓடியிருந்தன.

அதன்பின் அக்ரிலிக் ஜெஸ்ஸோவுக்கு மாறினேன், இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறேன். அக்ரிலிக் பிசின் வளைந்து கொடுக்கக்கூடியது. துணி தளர்ந்தாலும் இறுகினாலும் அதனோடு சேர்ந்து அசையும். ஆனால் அதுவும் ஓரளவு உறிஞ்சும் தன்மையோடுதான் செய்யப்படுகிறது. கடையில் வாங்கும் பூசிய கித்தான்களில் சிலவற்றைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே ஊசிமுனை வெளிச்சம் தெரியும். அத்தகையவற்றை அப்படியே பயன்படுத்துவதில்லை. வெறுந்துணியானால் குறைந்தது 3 கை, கடையில் பூசியதானால் மேலும் 1 அல்லது 2 கை பூசுகிறேன். ஒரு கை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் போக வேண்டும். முதல் கைக்கு மட்டும் சிறிதளவு நீர் கலக்கலாம், நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. நீர் கூடினால் நிறமியைப் பிணைக்கும் பிசின் போதாமல் போய், தளம் மறுபடியும் பொடியாகவும் தாகமாகவும் ஆகிவிடும். சிக்கனத்துக்காக நீரை அதிகம் ஊற்றிப் பூசிய கித்தான்களில் எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஒவ்வொரு கைக்கும் இடையே 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கிறேன். லேசாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் முட்டை ஓட்டு வழவழப்பு என் கையில் ஊறிய பழக்கம். இம்முறையில் மலைமேல் பனியை ஓவியக் கத்தியால் இழுக்கும்போது, வண்ணம் தொடர்ச்சியாகப் படியாமல் ஆங்காங்கே உடைந்து உடைந்து படிவதே பாறையின் தோற்றத்தைத் தருகிறது. அந்த உடைவைக் கொடுப்பது நெசவின் மேடு பள்ளம். கத்தி மேடுகளை மட்டும் தொட்டுச் செல்கிறது, பள்ளங்களில் அடியிலுள்ள இருள் அப்படியே தெரிகிறது. நெசவை முழுவதும் அடைத்துக் கண்ணாடியாக்கிவிட்டால் பனி வெண்ணெய்போல அப்பிக்கொள்ளும். ஆகவே துணியின் துளைகள் அடைபட வேண்டும், நெசவின் சொரசொரப்பு மிஞ்ச வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கக் கற்பதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

பூசிய ஜெஸ்ஸோ தொடுவதற்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதை நம்பக்கூடாது. உள்ளே தங்கிய நீர் வெளியேற 3 நாட்கள் விடுகிறேன். சென்னையில் நவம்பர் மாதம் என்றால் ஒரு வாரம்கூட விடுவதுண்டு, ஏனெனில் காற்றே நனைந்திருக்கும்போது தளம் எங்கே போய்க் காயும்? காய்ந்த பிறகு அம்மாவின் நீர்ச் சொட்டுச் சோதனையைத் தலைகீழாக்கி நானும் ஒன்று செய்கிறேன். கித்தானின் மூலையில், சட்டகத்துக்குள் மறையும் இடத்தில், ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெயை வைத்து 10 நிமிடம் விட்டுப் பார்க்கிறேன். சொட்டு பளபளப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தால் தளம் தயார். சுற்றிலும் மங்கிய வளையம் பரவியிருந்தால் இன்னொரு கை பூசுகிறேன், அல்லது அக்ரிலிக் மேட் மீடியம் என்னும் பளபளப்பில்லாத, நிறமியற்ற பூச்சை மிக மெல்லிதாக ஒரு முறை தடவி அடைக்கிறேன். இந்தச் சோதனை வந்த பிறகு பாதியில் மங்கிப்போன வானம் ஒன்றுகூட எனக்கு நேரவில்லை.

இழுப்பைப் பற்றி ஒரு சொல். பருத்தித் துணி ஈரக் காற்றில் தளர்ந்துவிடும். தளர்ந்த கித்தானில் கத்தியை அழுத்தினால் பின்னாலுள்ள சட்டத்தின் விளிம்பு ஒரு கோடாக முன்னே பதிந்துவிடும். சட்டத்தின் மூலைகளில் செருகும் சிறு ஆப்புகளைத் தட்டி இறுக்கி, விரலால் சுண்டினால் உறுமிபோல ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஈரத் தளத்தைத் தொடுகிறேன். பூசிய பிறகு ஆப்பு தட்டினால் சட்டத்திலிருக்கும் தூசி முழுவதும் ஈரத்தில் வந்து விழும்.

இனி ஈரத் தளம். வெளிநாட்டிலிருந்து வரும் குப்பிகள் விலை கூடியவை என்பதால், மூன்றாவது மாதத்திலிருந்தே வீட்டில் கலக்கத் தொடங்கினேன். டைட்டானியம் வெள்ளையைக் கத்தியால் மசித்து, ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, கத்தியிலிருந்து கோடு அறுபடாமல் ஒழுகும் பதம் வரும்வரை குழைக்க வேண்டும். ஏறக்குறைய சம அளவு என்று வைத்துக்கொள்ளலாம் என்றாலும், குழாய்க்குக் குழாய் எண்ணெய் வேறுபடுவதால் பதத்தைத்தான் நம்ப வேண்டும். நீர்க்கக் கரைத்த தோசை மாவைப்போல இருந்தால் சரி, இட்லி மாவாக இருந்தால் இன்னும் எண்ணெய் வேண்டும்.

எண்ணெயின் தேர்வில் ஒரு பெரிய பிழையை நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று அவர் சமையலறையிலிருந்த கடலை எண்ணெயில் வெள்ளையைக் கலந்து, நல்ல நதிக்காட்சி ஒன்றைத் தீட்டியிருந்தார். 8 மாதம் கழித்தும் அது விரலில் ஒட்டியது. வீட்டின் தூசி அனைத்தும் அதில் படிந்திருந்தது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் எத்தனை ஆண்டு விட்டாலும் உறுதியான படலமாகா. அவற்றின் கொழுப்பமிலங்களில் ஆக்சிஜனோடு பிணையும் இடங்கள் மிகக் குறைவு. ஆளிவிதை, வால்நட், கசகசா, குசும்பா ஆகியவற்றின் எண்ணெய்களே ஓவியத்துக்கு உரியவை. இவற்றுள் ஆளிவிதை எண்ணெய் விரைந்து காய்ந்து வலுவான படலம் தரும், ஆனால் மற்றவற்றைவிடச் சற்று மஞ்சளாகும். குசும்பா எண்ணெய் மெதுவாகக் காயும், மஞ்சள் குறைவு. வெப்பம் மிகுந்த கோடையில் நான் இரண்டையும் பாதிப் பாதி சேர்ப்பதுண்டு.

வெள்ளையிலும் கவனம் வேண்டும். குழாயின் மேல் டைட்டானியம் என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே துத்தநாக வெள்ளையும் கலந்திருக்கலாம். பின்புறத்தில் நிறமியின் குறியீடு சிறிய எழுத்தில் இருக்கும், பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் துத்தநாகம். துத்தநாக வெள்ளை எண்ணெயில் சில ஆண்டுகளிலேயே கண்ணாடிபோல முறியும் தன்மை பெற்று, மேலுள்ள அடுக்கோடு உரிந்து வரக்கூடும் என்று ஓவியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரித்துவருகிறார்கள். மேலே எங்கோ ஒரு மேகத்தில் அது இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஓவியம் முழுவதையும் தாங்கும் அடிப்படலத்தில் இருக்க விடக்கூடாது.

நீர்க்க வைப்பதற்காக டர்பன்டைன் ஊற்றுவதும் நான் செய்த தவறுகளுள் ஒன்று. ஊற்றிய உடனே கலவை மிக அழகாகப் பரவும். ஆனால் டர்பன்டைன் சில நிமிடங்களில் ஆவியாகி, எஞ்சியது பிசுபிசுப்பாக இறுகி, பாதி ஓவியத்தில் தூரிகையின் மயிரைப் பிடித்து இழுக்கும். ஈரமாக வைத்திருப்பது எண்ணெயின் வேலை. ஆவியாகும் எதற்கும் இந்தக் கலவையில் இடமில்லை. இதே காரணத்தால் தளம் பூசும் 2 அங்குலத் தூரிகை முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். தின்னரில் கழுவிய தூரிகையைச் சரியாக உதறாமல் எடுத்துப் பூசிய ஒரு நாள், அந்தத் தின்னர் ஈரத் தளத்தைக் கரைத்து, பூசிய இடமெல்லாம் கண்ணீர்க் கோடுகளாக இறங்கிற்று. இப்போது தளம் பூசுவதற்கென்றே ஒரு தூரிகையை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எவ்வளவு பூசுவது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 18-க்கு 24 அங்குலக் கித்தான் ஒன்றுக்கு நான் எடுப்பது ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர். இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 46-க்கு 61 சென்டிமீட்டர் பரப்பில் 5 மில்லி லிட்டரைச் சீராகப் பரப்பினால் அதன் தடிப்பு ஏறக்குறைய 18 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்குக்கும் குறைவு. தூரிகையில் தங்கிவிடுவதைக் கழித்தால் இன்னும் மெல்லியது. இந்த அளவு போதும் என்று நம்ப மனம் முதலில் மறுக்கும். தொடக்கத்தில் நான் 3, 4 தேக்கரண்டி பூசினேன். கித்தான் வெண்ணெய்த் தாள்போல மின்னுவதைப் பார்த்து மகிழ்ந்தேன். அதன் விளைவு ஒவ்வொரு படத்திலும் ஒரே மாதிரியாக இருந்தது. நீலம் எவ்வளவு வைத்தாலும் பாலில் விழுந்த துளியாக வெளிறிற்று. அடர்ந்த மலை சாம்பல் ஆயிற்று. முன்புறத்து மரங்களைத் தீட்டும்போது பச்சை, தூரிகையின் கீழே வழுக்கி ஓடிற்று. நான் அதை வண்ணத்தின் குறை என்று எண்ணி வேறு வண்ணம் வாங்கினேன்.

பூசும் விதம் இது. கலவையைத் தூரிகையின் நுனியில் எடுத்து, கித்தானில் ஆறேழு இடங்களில் சிறு திட்டுகளாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நீண்ட நெடுக்குக் கோடுகள், அதன்மேல் குறுக்குக் கோடுகள், பிறகு மறுபடியும் நெடுக்கு என்று, புதிதாக எதுவும் எடுக்காமலே பரப்பிக்கொண்டு போக வேண்டும். தூரிகை நெசவுக்குள் சென்று தேய்க்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கலாம். பரப்பி முடித்ததும் விரல் நுனியால் கித்தானைத் தொட்டுப் பார்க்கிறேன். விரலில் ஒட்டிய வெள்ளையின் ஊடே கைரேகை தெளிவாகத் தெரிந்தால் அளவு சரி. ரேகை மூழ்கிப் போயிருந்தால் கூடுதல். கூடுதலானால் பழைய வேட்டித் துணியை மடித்து மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு மீண்டும் தூரிகையால் சீராக்கலாம். புதுத் துண்டு வேண்டாம், அதன் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். பலமுறை துவைத்த வேட்டியில் பஞ்சு உதிர்வதில்லை. வெளிச்சத்துக்குச் சாய்வாக நின்று பார்த்தால், பூசாமல் விட்ட இடங்கள் மங்கலாகத் தெரியும். கித்தானின் விளிம்புகளில்தான் இவை பெரும்பாலும் இருக்கும்.

எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பூச வேண்டியதில்லை என்பது பின்னாளில் கற்றது. படத்தின் கீழ்ப் பகுதியில் அடர்ந்த காடு வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால், அந்த மூன்றிலொரு பங்கில் வெள்ளையைத் துடைத்துவிட்டு வெறும் எண்ணெயை மிகமிக மெல்லிதாகத் தடவுகிறேன். இருள் வெளிறாமல் இருளாகவே நிற்கிறது. ராஸ் கறுப்புக் கித்தானில் தீட்டும் படங்களின் அடிப்படையும் இதுவே. கறுப்பு ஜெஸ்ஸோ முழுவதும் காய்ந்த பின், நிறமற்ற நீர்மம் ஒன்றை வெள்ளையைவிடவும் மெல்லிதாகப் பூசி, அதன்மேல் ஊடுருவித் தெரியும் வண்ணங்களைத் தேய்ப்பார். முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு வெள்ளையைத் தொட்டு ஒளியை இழுக்கும்போதுதான் அடியிலிருந்த நிறம் எழுந்து வரும். அந்த ஒரு கணத்துக்காகவே கறுப்புக் கித்தான் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

தளம் மெல்லியதாக இருப்பதன் பயன் மேலே வரும் வண்ணம் கெட்டியாக இருந்தால்தான் கிட்டும். கெட்டியான படலத்தின் மேல் அதைவிட நீர்த்தது ஒட்டும். நீர்த்த படலத்தின் மேல் கெட்டியானதை மெல்லத் தொட்டு வைக்கப் போனால், அடியிலிருப்பதையே பறித்துக்கொண்டு வந்துவிடும். மலையும் முதல் இருளும் ஈரத் தளத்தில் தேய்த்து இறக்கப்படுவதால் அங்கே சிக்கலில்லை. அதன்மேல் வைக்கும் ஒளிக்கோடுகளை ஒரு சொட்டு நீர்மத்தால் இளக்கிக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்கான குழாய் வண்ணங்கள் சில எண்ணெய் மிகுந்து தளதளவென்று இருக்கும். அவற்றைப் பழுப்புக் காகிதத்தின் மேல் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் மிகுதி எண்ணெயைக் காகிதம் எடுத்துக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் டெகா இவ்வாறு எண்ணெயை வடித்தே தம் வண்ணங்களைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அறிந்தபோது, நம் சமையலறையில் வடையை எண்ணெய் வடியக் காகிதத்தில் போடுவது நினைவுக்கு வந்தது.

பூசிய பின் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். சரியாக அடைத்த தளத்தில் நாள் முழுவதும்கூட ஈரம் நிற்கும். ஆனால் மே மாத வெப்பத்தில் ஆக்சிஜனேற்றம் விரைவாவதால், மறுநாள் காலையில் தொட்டால் பிசுபிசுக்கும். பாதி தீட்டிவிட்டு மறுநாள் தொடர்ந்த ஓர் ஏரிப் படத்தில், நீர்ப்பரப்பைக் கீழ்நோக்கி இழுத்தபோது அரைகுறையாக இறுகிய தளம் தோல்போலச் சுருண்டு வந்தது. ஆகவே ஒரே அமர்வில் முடிக்கிறேன். முடியாவிட்டால் முழுவதும் காயும்வரை மூன்று வாரம் ஒதுக்கி வைத்து, பிறகு ஒரு துளி எண்ணெயைத் துணியால் தேய்த்துத் துடைத்து, அந்த மெல்லிய ஈரத்தின் மேல் தொடர்கிறேன். காயும் காலத்தில் மின்விசிறியின் நேர்க்காற்று வேண்டாம், தூசியை அது கொண்டுவந்து சேர்க்கும். மழைக்கால மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தளம் பூசவே கூடாது. முதல் மழைக்கு மறுநாள் புறப்பட்ட ஈசல்கள் ஈர வெள்ளையில் நூற்றுக்கணக்கில் வந்து ஒட்டிய கித்தானைச் சுத்தம் செய்ய முடியாமல் முழுவதும் வழித்துப் போட்டிருக்கிறேன்.

வழித்த துணிகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் குவித்தால், வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்பு வைக்காமலே துணி தீப்பற்றும். துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துக் காயவிடலாம், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் நீரில் அமிழ்த்தி வைக்கலாம். எங்கள் வீட்டில் பழைய பெயின்ட் டப்பா ஒன்று இதற்கென்றே பால்கனியில் இருக்கிறது.

கடைசியாக மஞ்சள். 2020-இல் வரைந்த ஏரிப் படம் ஒன்றை, மாட்ட இடமில்லாமல், துணி சுற்றிப் பரணில் போட்டிருந்தேன். ஓர் ஆண்டு கழித்து எடுத்தபோது வெள்ளை வானம் தேநீர் சிந்தினாற்போல ஆகியிருந்தது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். ஈரத் தளம் முழுவதும் எண்ணெயும் வெள்ளையுமாக இருப்பதால் வேறெந்த ஓவியத்தையும்விட இதில் அது வெளிப்படையாகத் தெரியும், தடிப்பாகப் பூசியிருந்தால் இன்னும் கூடுதலாக. நல்ல வேளையாக, இந்த இருட்டு மஞ்சள் பெரும்பகுதி வெளிச்சத்தில் மறையக்கூடியது. நேர்வெயில் படாத வடக்கு ஜன்னலோரம் மூன்று வாரம் வைத்தேன், நாளுக்கு நாள் வானம் தெளிந்து வந்தது. இப்போது அதைக் கூடத்தில், அம்மாவின் நவநீதகிருஷ்ணனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வலது மேல் மூலையில், அந்நாளில் கை தாராளமாகப் போய்விட்ட இடத்தில், மட்டும் லேசான மஞ்சள் இன்னும் இருக்கிறது.